பதில் போடாமல் விடாதவள்

அவளுக்கு வாயை மூடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லவளா கெட்டவளா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கு ஒன்று சொல்வேன், நாளைக்கு வேறொன்று சொல்வேன். ஆனால் யாராவது எங்காவது தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் அவளால் அதைத் தாண்டிப் போக முடியாது. சோறு ஆறிப்போகும், பஸ் போய்விடும், அவள் நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கோலார் தங்கவயல்காரி. சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர்க்காரர்கள் பாதிப்பேர் செய்வதைத்தான் அவளும் செய்தாள். காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வந்து, ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ரயிலேறித் திரும்பிப் போவாள். உட்கார இடம் கிடைக்காது. ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் போன். கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருக்கும். வழியில் சிக்னல் இல்லாத இடங்களில் அவள் எழுதியதெல்லாம் தேங்கி நின்று, பங்காருபேட்டை வந்ததும் மொத்தமாக எங்கள் குரூப்பில் வந்து விழும். 'பங்காருபேட்டை மழை ஆரம்பிச்சிடுச்சி' என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டலுக்கும் பதில் போடுவாள்.

குரூப் என்பது ஒரு கார்ட்டூன் தொடரின் ரசிகர்கள் கூட்டம். கடலில் மிதந்துகொண்டே இருக்கும் ஒரு நகரம், அதில் இருப்பவர்கள் கரை தேடிப் போகிறார்கள், அதுதான் கதை. எனக்கு அதில் ஒன்றும் விளங்கியதில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஓசூர், ஆனேக்கல் என்று இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் அதில் இருந்தார்கள். அவள்தான் அட்மின். ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் பார்த்து முடிக்கும்வரை, அதாவது ஞாயிறு மதியம்வரை, புது எபிசோடைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தாள். மீறினவனையும் வெளியே தள்ள மாட்டாள். பேசியே சாகடிப்பாள். யாரையும் ப்ளாக் செய்ததே கிடையாது. "ப்ளாக் பண்ணா அவன் வேற எடத்துல போயி அதையே சொல்லுவான். அங்க நான் இருக்க மாட்டேனே" என்பாள்.

அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது: எடத்தக் காட்டு. தொடரில் வரும் கப்பல் தலைவி கோழை என்று எவனாவது எழுதினால், எந்த எபிசோட், எந்த சீன், எடத்தக் காட்டு. காட்டினால் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவன் சொன்னது சரியென்றால் 'நான் சொன்னது தப்பு, இவன் சொன்னதுதான் ரைட்டு' என்று எழுதி, குரூப்பின் உச்சியில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு வாரம் குத்தி வைப்பாள். தன் தப்பை இப்படிக் கொண்டாடுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. என் கம்பெனியில் அச்சு உடைந்தால்கூட எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

நான் பொம்மசந்திராவில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். ஹெப்பகோடியில் வீடு. கார்ட்டூன் பார்க்கிற ஆள் இல்லை. என் மகன் நாள் முழுக்க யாரோடு பேசுகிறான் என்று வேவு பார்க்கத்தான் அந்தக் குரூப்புக்குள் போனேன். என் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை என்றுதான் சொன்னார்கள். பன்னிரண்டு வயதில் அவன் தான் பையன் என்று என்னிடம் சொன்னான். திருநம்பி என்ற சொல்லையே நான் அவனிடம்தான் கேட்டேன். மாதவிலக்கு வரும் நாட்களில் அவன் பள்ளிக்கூடம் போக மாட்டான், சாப்பிட மாட்டான், குளிக்கவே மாட்டான், தன் உடம்பைத் தொட வேண்டும் என்பதால். அந்த வீட்டில் இருந்தவள் நான். வேறு எவரும் இல்லை. அதனால் இதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாதக்கணக்கில் மனநல டாக்டர் பேசினார். அவனோடு தனியாக, என்னோடு தனியாக. பிறகு ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார். அவர் ரத்தம் பார்த்தார், எலும்புக்கு ஸ்கேன் எடுத்தார். அப்புறம்தான் ஊசி. உடம்பு பெண்ணாக வளர்வதை நிறுத்தி வைக்கிற ஊசி, சில மாதத்துக்கு ஒன்று. அறுப்பதும் இல்லை, தைப்பதும் இல்லை. ஊசியை நிறுத்தினால் உடம்பு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். ஊசி போட ஆரம்பித்த பிறகு என் மகன் பள்ளிக்கூடம் போனான். ஒரு அம்மாவுக்கு அதைவிட வேறென்ன கணக்கு வேண்டும்.

குரூப்பில் எல்லாரும் ஒருநாள் கப்பன் பார்க்கில் கூடினார்கள். என் மகனைத் தனியாக அனுப்பப் பயந்து நானும் போனேன். அங்கேதான் அவளை முதலில் பார்த்தேன். குள்ளமாக, எண்ணெய் வழிய வாரிய தலையோடு, நிற்க முடியாமல் அங்கும் இங்கும் நடந்துகொண்டே பேசினாள். என் மகன் வரைந்திருந்த படங்களைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இத்தினி பேரு இருக்க நீ மட்டும் எப்பவும் இந்தப் பாலத்துக் காவல்காரனையே வரையற. இன்னா அவன்கிட்ட?" என்று கேட்டாள். அந்தக் காவல்காரன் தொடரில் எப்போதாவது வருவான். தாடி வைத்திருப்பான். வாயே திறக்க மாட்டான். பாலத்தைத் தூக்குவான், இறக்குவான், போய்விடுவான்.

"அவன யாரும் ஒன்னும் கேக்கறதில்ல அக்கா. அதான்" என்றான் என் மகன்.

அவள் நடப்பதை நிறுத்தினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரியில் பப்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, அவனோடு தரையில் உட்கார்ந்து கதை பேசுவாள். அவனே தன் விஷயத்தை அவளிடம் சொன்னான். என்னையும் டாக்டர்களையும் தவிர அவன் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

ஒருமுறை ஆஸ்பத்திரிக்கும் கூட வந்தாள். சீட்டு வாங்கும் வரிசையில் நின்றிருந்த என் மகனை செக்யூரிட்டி தட்டி, லேடீஸ் அந்தப் பக்கம் என்றான். அவள் உடனே கன்னடத்தில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்று பிடித்துக்கொண்டாள். அவன் நிஜமாகவே ஒரு போர்டைக் காட்டினான். பெண்களுக்குத் தனி வரிசை என்று இருந்தது. அவள் நிதானமாகப் படித்துவிட்டுத் திரும்பி, "சரி. இவன் லேடீஸ்னு எங்க எழுதியிருக்கு, அதக் காட்டு" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

மொத்த வரிசையும் திரும்பி என் மகனைப் பார்த்தது. அவன் சட்டையோடு இருந்த தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவள் அதைப் பார்க்கவில்லை. ஜெயித்த முகத்தோடு செக்யூரிட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடரின் புது சீசனில் ஒரு எபிசோட் வந்தது. பெண்ணாக வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளை கப்பல் வைத்தியரிடம் போய்த் தான் பையன் என்கிறது. வைத்தியர் மருந்து கொடுக்கிறார். அவ்வளவுதான். ஞாயிறு மதியம் சட்டம் முடிந்ததும் குரூப் பற்றி எரிந்தது. கதை கெட்டுவிட்டது என்று சொன்னவர்கள்கூடப் பரவாயில்லை. ஓசூரில் வேலை செய்கிற ஒருத்தன், அத்தனை வருடமும் அவளோடு சேர்ந்து தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தவன், 'இந்த வயசுல புள்ளைங்களுக்கு இன்னா தெரியும்? டாக்டருங்க துட்டுக்கு ஊசியப் போட்டு கெடுக்கறானுங்க. பெத்தவங்கள செருப்பால அடிக்கணும்' என்று எழுதினான்.

எனக்கு அன்று ஞாயிறு ஷிப்டு, வேலையில் இருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பதில் எழுதப் பார்த்தேன். என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. அவள் எழுதினாள்.

'எந்த டாக்டரு? எந்த ஊர்ல? எடத்தக் காட்டு.'

'எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.'

'எல்லாருக்கும்னா யாரு? நீ எந்த ஆஸ்பத்திரில போயி உக்காந்து பாத்த? மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி மாசக்கணக்குல பேசறாங்க. பெத்தவங்கள கூப்பிட்டுப் பேசறாங்க. தெரியுமா?'

'வளர்ற வரைக்கும் சும்மா விட்டா சரியாப் போவும்.'

'சும்மா விட்டா உடம்பு சும்மா இருக்குமாடா? அதுபாட்டுக்கு ஒன்னு பண்ணிக்கினே இருக்கும். மருந்து கொடுக்காம விடறதும் நீ எடுக்கற முடிவுதான். அந்த முடிவ அனுபவிக்கப் போறது நீ இல்ல.'

நான் அதை நூறு தடவை படித்திருப்பேன். என் பக்கம் நின்று இப்படி ஒருத்தரும் பேசியதில்லை. என் கூடப்பிறந்தவர்கள்கூடப் பேசியதில்லை. மெஷின் பக்கத்தில் நின்று நான் அழுதேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

சண்டை மூன்று நான்கு நாள் ஓடியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டாள். ரயிலில் போட்டாள், ஆபீசில் போட்டாள். கடைசியில் அந்த ஓசூர்க்காரன் அவளுடைய வார்த்தையையே திருப்பினான். 'இவ்ளோ பேசறியே. இந்த ஊசியால நல்லா இருக்கற ஒரு புள்ளையக் காட்டு. எடத்தக் காட்டு.'

வேறு யாராவது என்றால் போடா என்று விட்டிருப்பார்கள். அவளால் முடியாது. தன்னிடம் கேட்ட ஒன்றுக்குப் பதில் இருக்கும்போது சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பொய் சொல்வது மாதிரி. அவள் எழுதினாள்.

'எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன். பொண்ணா பொறந்தவன். ஸ்கூலே போகாம கெடந்தான். டாக்டர் பாத்து, ஊசி போட்டப்புறம் இப்ப போறான், படிக்கறான், சிரிக்கறான். பாலத்துக் காவல்காரன்னா அவனுக்கு உசுரு. அந்த மாதிரி ஒருநாள் தாடி வளரணும்னு சொல்லுவான். போதுமா?'

பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. வயதுகூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மறைத்துவிட்டதாகத்தான் நினைத்தாள். வெளியாள் படித்தால் ஒன்றும் விளங்காது. ஆனால் அது ரசிகர்கள் குரூப். யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதுதான் அங்கே முகவரி. அத்தனை நூறு பேரில் பாலத்துக் காவல்காரனுக்கு ரசிகன் ஒரே ஒருவன், என் மகன்.

என் கணவர் ஓசூரில் தனியாக இருக்கிறார். பிரிந்து பல வருடம். மகனுக்கு ஏதோ ஹார்மோன் வைத்தியம் நடக்கிறது என்பது வரைக்கும்தான் அவருக்குத் தெரியும், அதற்கு மேல் நான் சொல்லவில்லை. அவருடைய அண்ணன் மகன் அந்தக் குரூப்பில் சத்தமில்லாமல் இருந்தான். எங்கள் வீட்டுச் சுவரில் காவல்காரன் படங்களைப் பார்த்தவன். அவள் எழுதியதைப் படம் எடுத்துத் தன் அப்பாவுக்கு அனுப்பினான். மறுநாளே அண்ணனும் தம்பியும் என் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"இன்னாமே பண்ணி வெச்சிக்கிற என் பொண்ண?" என்றார் என் கணவர்.

"உன் பையன்" என்றேன்.

"சும்னே பேசாத. ஊசி கீசி எல்லாம் இத்தோட நின்னுச்சி. நான் உயிரோட இருக்கறப்ப எனக்குத் தெரியாம எவன் ஊசி போடறான்னு பாக்கறேன்."

சொன்னபடியே ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதிக் கொடுத்தார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அப்பா எதிர்க்கும்போது அடுத்த ஊசியைப் போட முடியாது, இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள், பேசலாம் என்றார். அவர் மேல் தப்பில்லை. நாள் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு அவள் வந்தாள். கையில் பப்ஸ் இல்லை. நான் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, தெருவே கேட்கும்படி வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். பக்கத்து வீட்டு கன்னடக்கார அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அக்கா, நான் குரூப்ல எழுதிடறேன். நான் பண்ணது தப்புன்னு மேல குத்தி வெச்சிடறேன்" என்றாள்.

"எழுதுடி. இன்னும் புரியாம இருக்கறவனுக்கும் புரியட்டும்."

அவள் முகம் அப்போதுதான் விழுந்தது. தப்பை ஒத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதையும் இந்தத் தடவை செய்ய முடியாது.

என் மகன் வெளியே வந்தான். கேட்டைத் திறக்காமல் அவளைப் பார்த்து நின்றான்.

"அக்கா, எனக்காகப் பேசறேன்னு ஜெயிக்காதீங்க" என்றான். உள்ளே போய்விட்டான்.

அவள் பதில் சொல்லவில்லை. அவளிடம் ஒருவர் ஒன்றைச் சொல்லி அவள் பதில் சொல்லாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஊசி தள்ளிப்போனது. மாதவிலக்கு திரும்ப வந்தது. என் மகன் பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். நான் தட்டினேன், கெஞ்சினேன், பிறகு என் கணவருக்குப் போன் செய்து, "நீதானே வேணான்ன. வந்து நீயே வெளிய கூட்டிட்டு வா" என்றேன். வந்தார். பாத்ரூம் கதவுக்கு வெளியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். முதலில் அதட்டினார். பிறகு பேசினார். பிறகு கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. அழுகை இல்லை அது. துணியைக் கல்லில் தேய்ப்பது மாதிரி, நிற்காமல். அவன் தன்னைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கதவு திறந்தபோது அவன் கைகளைப் பார்த்துவிட்டு என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். என் கணவர் எத்தனையோ கேள்வி கேட்டார், டாக்டர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகச் சொன்னார். "எனக்குப் புரியல. ஆனா போடுங்க" என்றார் என் கணவர். இன்றைக்கும் அவருக்குப் புரியவில்லை. பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ஆனால் ஊசி போடும் நாளில் வந்து வெளியே நிற்பார்.

அவள் குரூப்பை வேறொருவனிடம் கொடுத்துவிட்டாள். அவன் கேள்வி கேட்கிறவர்களை ப்ளாக் செய்கிற ரகம். அந்த ஓசூர்க்காரன் அங்கே ராஜா மாதிரி இருந்தான். எழுத வேண்டியதையெல்லாம் எழுதினான். ஒருவரும் பதில் போடவில்லை. முதலில் அவள் எழுதியதற்காக எனக்கு அவள் மேல் ஆத்திரம் இருந்தது. இப்போது எழுதாமல் இருக்கிறாளே என்று ஆத்திரம் வந்தது. இரண்டில் எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை.

ஒருநாள் ஆனேக்கல்லிலிருந்து ஒரு அம்மா, தன் பிள்ளையின் கணக்கிலிருந்தே எழுதியிருந்தாள். 'என் புள்ளைக்கி பதிமூணு. போன வருஷம் இங்க ஒருத்தங்க டாக்டரப் பத்தி எழுதுனாங்களாமே. அவங்க யாருன்னு யாராச்சும் சொல்லுங்கம்மா.' கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். வசவுகள். நான் அட்மினுக்குப் போன் செய்தேன்.

"பாத்தியா?"

"பாத்தேன் அக்கா."

"பதில் போடு."

"என்னால முடியாதுக்கா. எழுத ஆரம்பிச்சா எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல."

"அதுக்கு அந்தப் பொம்பள இன்னா பண்ணுவா? உனக்கு ஒன்னு வாயத் தொறந்தா மூடத் தெரியாது, மூடுனா தொறக்கத் தெரியாது."

போனை வைத்துவிட்டேன். நானே அந்த அம்மாவுக்குத் தனியாக எழுதினேன். எனக்கு அட்மினைப் போல எழுத வராது. என் வீட்டு விலாசத்தைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு வா என்றேன். என் மகனிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். அவன் "அட்மின் அக்காவும் வரட்டும்" என்றான்.

வந்தாள். வாசல் பக்கமாக, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்தாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனேக்கல் அம்மா நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். பூ மார்க்கெட் வாசனை அடித்தது. அவள் பிள்ளை என் மகனுடைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா கேட்டாள், நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு அவள், "அந்த ஊசி போட்டா எலும்பு வீக் ஆயிடும்னு சொல்றாங்களே, நெசமா?" என்றாள்.

எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்று தெரியும், எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. அட்மினுக்குத் தெரியும். எல்லாவற்றையும் படித்து வைத்திருப்பவள், டாக்டரிடமே உட்கார்ந்து கேட்டவள். கால் ஆடுவது நின்றது. வாயைத் திறந்தாள்.

திறந்த வாயோடு அவள் என் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் நிதானமாகச் சீவி முடித்து, முனையை விரலில் வைத்துப் பார்த்து, தூளை ஊதிவிட்டான். அவ்வளவு நேரமும் அவள் காத்திருந்தாள்.

"சொல்லுங்க" என்றான்.